பின்லாந்து, 2010: பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியும் பகலில் தூங்கி விழுந்த பிள்ளைகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தடுப்பூசிக்கும் பிள்ளைகளின் மூளை, மனநலக் கோளாறுகளுக்கும் தொடர்பு உண்டா என்று யாராவது கேட்டால் இரண்டு விதமான பதில்கள் உடனே வந்து விழும். "அதெல்லாம் வாட்ஸ்அப் புரளி" என்பது ஒன்று. "எல்லாத்துக்கும் அந்த ஊசிதான் காரணம், மறைக்கிறாங்க" என்பது இன்னொன்று. இந்த இரண்டு கட்சிக்காரர்களுக்கும் சங்கடம் தருகிற ஒரு நிகழ்வு 2010-இல் பின்லாந்தில் நடந்தது. அங்கே தொடர்பு நிஜமாகவே இருந்தது. அதைக் கண்டுபிடித்து, எண்ணிப் பார்த்து, ஊரறியச் சொன்னவர்கள் அதே ஊசியைப் போட்ட அரசு மருத்துவத் துறையினர்தான். நடந்ததை வரிசையாக எழுதிவைப்பது இதுபோன்ற கேள்வியை எப்படிக் கேட்கவேண்டும், எதை வைத்துப் பதில் சொல்லவேண்டும் என்பதற்கு உதவும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள், பெற்றோர், மருத்துவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதுவகை எச்1என்1 ஃப்ளூ வைரஸ் தென்பட்டது. நாம் பன்றிக் காய்ச்சல் என்று சொன்னது இதைத்தான். ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்றாக அறிவித்தது. வழக்கமான ஃப்ளூ முதியவர்களைத்தான் அதிகம் வாட்டும், இது பிள்ளைகளையும் இளவயதினரையும் குறிவைத்தது. அதனால் தடுப்பூசித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கிடைத்தது.

ஐரோப்பாவில் பல நாடுகள் வாங்கியது கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனத்தின் பாண்டம்ரிக்ஸ். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தயாரானது. ஒரு பெருந்தொற்று வந்தபின் புதிதாக ஆரம்பித்தால் நேரம் போதாது என்பதால், பறவைக் காய்ச்சல் வைரஸை வைத்து முன்கூட்டியே ஒரு மாதிரித் தடுப்பூசிக்கு ஆவணங்கள் தயாரித்து வைத்திருந்தார்கள். புது வைரஸ் வந்ததும் உள்ளே இருக்கிற வைரஸை மட்டும் மாற்றினார்கள். 2009 செப்டம்பர் 29 அன்று ஐரோப்பிய ஆணையம் அனுமதி கொடுத்துவிட்டது. பிள்ளைகளிடம் சோதித்த தரவு அப்போது கொஞ்சம்தான் இருந்தது.

இந்த ஊசியில் ஏஎஸ்03 என்ற ஒரு துணைப்பொருளும் கலந்திருந்தது. ஸ்குவாலீன் என்ற எண்ணெய், வைட்டமின் ஈ, பாலிசார்பேட் 80 ஆகியவை சேர்ந்த கலவை அது. நோய் எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பிவிடுவதுதான் அதன் வேலை. பருவகால ஃப்ளூ ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் 15 மைக்ரோகிராம் புரதம் வேண்டும் என்றால், இதில் 3.75 மைக்ரோகிராம் போதும். உலகம் முழுக்கத் தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் இருப்பதை நாலு பங்காக்கிக் கொடுக்கிற வழி இது. அன்றைக்கு இருந்த நெருக்கடியில் இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்லாந்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 53 லட்சம். அக்டோபரில் ஊசி போட ஆரம்பித்து, மக்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் போட்டார்கள். 4 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 75 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள்.

பக்கவிளைவைக் கண்காணிக்காமல் இல்லை. 1976-இல் அமெரிக்காவில் இன்னொரு பன்றிக் காய்ச்சலுக்காக சுமார் 4.5 கோடி பேருக்கு ஊசி போட்டபோது, கை கால் செயலிழக்கிற கீலன்-பாரே நோய் லட்சத்துக்கு ஒருவர் அளவில் கூடுதலாக வந்தது, திட்டத்தையே நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த நினைவு எல்லாருக்கும் இருந்தது. எனவே 2009-இல் கீலன்-பாரே வருகிறதா என்று விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது வேறு. நார்கோலெப்சி என்ற தூக்க நோய் கண்காணிப்பின் முன்வரிசையிலேயே இல்லை.

முதலில் கண்ணில் பட்டவை

நார்கோலெப்சி அபூர்வமான நோய், பிள்ளைகளிடம் இன்னும் அபூர்வம். பின்லாந்தில் 2002 முதல் 2009 வரை, 17 வயதுக்குக் குறைந்தவர்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 0.31 பேருக்குத்தான் கண்டறிந்திருந்தார்கள். அந்த வயதில் நாடு முழுக்க சுமார் பத்து லட்சம் பேர், அப்படியென்றால் வருஷத்துக்கு மூன்று பிள்ளைகள். ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பார்த்திருப்பார்.

2010-இல் அந்த எண் 54 ஆனது. லட்சத்துக்கு 5.3, அதாவது 17 மடங்கு.

எண்ணிக்கை தெரிவதற்கு முன்பே மருத்துவர்களை உறுத்தியது நோய் வந்த வேகம். நார்கோலெப்சி வழக்கமாக மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் தலைகாட்டும், பலருக்குப் பெயர் வைக்கவே வருஷங்கள் ஆகும். இந்தப் பிள்ளைகளுக்கோ சில வாரங்களில் எல்லாம் தலைகீழாக மாறியிருந்தது. நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை பள்ளிக்கூட மேசையில் கவிழ்ந்து தூங்குகிறது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்குகிறது. சிரித்தால் முழங்கால் தொய்ந்து கீழே சரிகிறது. கேட்டப்ளெக்சி என்று இதற்குப் பெயர்: நினைவு தப்பாது, காது கேட்கும், தசை மட்டும் நொடிப்பொழுது பிடியை விட்டுவிடும். பெரியவர்களுக்குச் சிரிப்போ திடீர் உணர்ச்சியோ இதைத் தூண்டும். நோய் புதிதாக வந்த பிள்ளைகளிடம் காரணமே இல்லாமல் முகம் தொங்கிப்போவது, நாக்கு வெளியே வருவது, கண் பாதி மூடிக்கொள்வது என்று இருக்கும், பார்க்கிறவர்கள் ஏதோ வலிப்பு என்றோ பிள்ளை வேண்டுமென்றே முகத்தைக் கோணுகிறது என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

ராத்திரியிலும் நிம்மதி கிடையாது. அடிக்கடி விழிப்பு, பயங்கரக் கனவு, தூங்கப்போகும் நேரத்தில் அறைக்குள் யாரோ நிற்பதுபோன்ற தோற்றம், உடம்பை அசைக்கமுடியாமல் கிடப்பது. நம்மூரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அது தினமும் வந்தால் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கூடவே மளமளவென்று எடை ஏறும். கோபம் பொத்துக்கொண்டு வரும், பொருளை எறிகிற, அடிக்கிற அளவுக்கு.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பல குடும்பங்கள் வழி தவறுகின்றன, உலகம் முழுக்கவே அப்படித்தான். சோம்பேறி, கவனமில்லை, மனச்சோர்வு, வளர்இளம் பருவத்து முரட்டுத்தனம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சூட்டப்படும். இல்லாத ஆள் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் மனச்சிதைவோ என்ற சந்தேகம்கூட வரும். தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறவர் கடைசியில்தான் வருவார்.

கேட்டபின் உறுதிசெய்ய வழி இருக்கிறது. பகலில் இரண்டு மணிநேர இடைவெளியில் நான்கைந்து முறை படுக்கவைத்து, எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறார் என்று பார்ப்பார்கள். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் தூங்கிவிட்டால், அதிலும் இரண்டு தடவையாவது நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் போய்விட்டால், நார்கோலெப்சி. முதுகுத்தண்டு நீரில் ஹைபோக்ரெட்டின் என்ற வேதிப்பொருள் அடிமட்டத்துக்குப் போயிருந்தால் சந்தேகமே இல்லை. இந்தப் பிள்ளைகள் இப்படிப் புறநிலைச் சோதனைகளில் தெரிந்தவர்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெற்றோரின் நினைவை மட்டும் நம்பி எண்ணிய எண்ணிக்கை அல்ல இது.

54 பேரில் 50 பேர் பாண்டம்ரிக்ஸ் போட்டுக்கொண்டவர்கள். ஊசிக்கும் முதல் அறிகுறிக்கும் இடையே நடு மதிப்பு 42 நாள். அந்த 50 பேரில் 94 சதவீதத்தினருக்கு கேட்டப்ளெக்சி இருந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. "முக்கால்வாசிப் பிள்ளைகள் ஊசி போட்டிருந்தார்கள், அதனால் நோயாளிகளிலும் பெரும்பாலோர் போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஊசிக்குச் சம்பந்தமே இல்லை என்றால் 54-இல் 40 பேர் போட்டவர்களாகவும் 14 பேர் போடாதவர்களாகவும் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 4 பேர். காகிதத்தில் போட்ட இந்தக் கணக்கே எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது, ஆனால் தீர்ப்புச் சொல்ல இது போதாது.

ஆகஸ்ட் 2010: நிறுத்துவதா, பொறுப்பதா

அந்த நேரத்தில் மேசைமேல் நான்கு விளக்கங்கள் இருந்தன. தற்செயல். அல்லது, இந்த நோய் பற்றிய விழிப்பு கூடியதால் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். அல்லது, காரணம் ஊசி அல்ல, வைரஸே. ஊசி போட்ட அதே வாரங்களில்தான் தொற்றும் நாட்டைச் சுற்றிவந்தது, இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை. அல்லது ஊசிதான்.

ஆகஸ்ட் 18 அன்று பக்கத்து நாடான ஸ்வீடனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மருத்துவர்களிடமிருந்து ஊசிக்குப் பிந்திய நார்கோலெப்சி பற்றி ஆறு புகார்கள் வந்திருப்பதாக அறிவித்தது. ஆறே ஆறு. ஆகஸ்ட் 24 அன்று பின்லாந்தின் தேசிய சுகாதார நல நிறுவனம் பாண்டம்ரிக்ஸ் பயன்பாட்டை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. நிரூபணம் வந்துவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. சந்தேகம் இருக்கிறது, விசாரிக்கிறோம், அதுவரை நிறுத்துகிறோம் என்றார்கள்.

துணிச்சலான முடிவு என்று இதைப் பலர் புகழ்வது உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். ஆகஸ்ட் 10-ஆம் தேதியே பெருந்தொற்று முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லியாயிற்று, நிறுத்தினால் இழப்பு அதிகமில்லை. இதே ஆறு புகார்கள் 2009 நவம்பரில், மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தபோது வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான் கடினமான கேள்வி.

ஐரோப்பிய மருந்து முகமை ஆகஸ்ட் 27-இல் ஆய்வைத் தொடங்கியது. செப்டம்பரில், கையில் இருக்கிற சான்று போதாது, ஐரோப்பா முழுக்கத் தடைசெய்யக் காரணமில்லை என்றது. ஒரே தரவை வைத்துக்கொண்டு ஒரு நாடு நிறுத்தியது, ஒரு கண்டம் தொடர்ந்தது. அன்றைய நிலையில் இரண்டுமே நியாயமான முடிவுகள்தான்.

எண்ணிய விதம்

பின்லாந்தில் ஒவ்வொருவருக்கும் பிறந்ததிலிருந்து ஓர் அடையாள எண் உண்டு. யாருக்கு எந்தத் தேதியில் ஊசி போட்டார்கள் என்பது ஒரு பதிவேட்டில், யாருக்கு எந்த மருத்துவமனையில் என்ன நோய் கண்டறிந்தார்கள் என்பது இன்னொரு பதிவேட்டில். எண்ணை வைத்து இரண்டையும் கோத்துவிடலாம். 1991-இலிருந்து 2005 வரை பிறந்த அத்தனை பேரையும் இப்படிக் கோத்தார்கள். நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை நிபுணர் குழு படித்து, இது நார்கோலெப்சிதானா, எப்போது தொடங்கியது என்று முடிவுசெய்தது. படிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளை ஊசி போட்டதா என்பதைக் காட்டவில்லை, தெரிந்தால் கை சாய்ந்துவிடும் அல்லவா.

இன்னொரு பொறியும் இருந்தது. ஆகஸ்ட் நடுவில் செய்தித்தாள்கள் எழுத ஆரம்பித்ததும், ஊசி போட்ட பிள்ளையின் பெற்றோர் சின்ன அசதிக்கும் மருத்துவரிடம் ஓடுவார்கள், போடாத பிள்ளையின் பெற்றோர் ஓடமாட்டார்கள். அதனால் பிரதான ஆய்வின் கணக்கை 2010 ஆகஸ்ட் 15-உடன் நிறுத்திக்கொண்டார்கள். செய்தி பரவுவதற்கு முன்பு மருத்துவத்துறையின் கண்ணில் பட்டவர்கள் மட்டும் கணக்கில் வந்தார்கள். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2011 பிப்ரவரி 1 அன்று இடைக்கால முடிவை வெளியிட்டார்கள்: 4 முதல் 19 வயதில், ஊசி போட்டவர்களுக்கு அபாயம் 9 மடங்கு. முழு ஆய்வு 2012-இல் வந்தபோது அது 12.7 மடங்காக இருந்தது. ஊசி போட்டவர்களில் லட்சம் ஆள்-ஆண்டுகளுக்கு (ஒருவரை ஓர் ஆண்டு கவனித்தால் ஓர் ஆள்-ஆண்டு) 9.0 பேர், போடாதவர்களில் 0.7 பேர். 

மடங்குக் கணக்கு பயமுறுத்தும். வேறு விதமாகச் சொன்னால், ஊசி போட்ட அந்த வயதினர் 16,000 பேரில் ஒருவருக்கு ஊசியால் கூடுதலாக நோய் வந்தது. இரண்டு கணக்கும் ஒரே உண்மைதான், எதை மட்டும் எடுத்துச் சொல்கிறார்கள் என்பதை வைத்து சொல்பவரின் நோக்கத்தை ஊகித்துவிடலாம்.

2011 ஜூலையில் ஐரோப்பிய முகமையும் இறங்கிவந்தது: மாற்று ஊசி கிடைக்காத நிலை தவிர, 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு பாண்டம்ரிக்ஸ் வேண்டாம். ஸ்வீடன், நார்வே, அயர்லாந்து, பிரான்ஸ் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதே திசையில் முடிவுகளைக் காட்டின. இங்கிலாந்தில் 2013-இல் வந்த ஆய்வு 14 மடங்கு என்றது, ஆனால் கூடுதல் அபாயம் 52,000 முதல் 57,500 ஊசிகளுக்கு ஒன்று. பின்னாளில் பெரியவர்களிடமும் அபாயம் தெரிந்தது, பிள்ளைகளைவிடக் குறைவாக.

அதே பதிவேடு, இன்னொரு ஊசி

கொஞ்சம் விலகிச் சொல்கிறேன், ஆனால் சம்பந்தம் உண்டு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற எம்எம்ஆர் ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-இல் லண்டனிலிருந்து வந்த கட்டுரையின் அடித்தளம் 12 பிள்ளைகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, ஊசிக்குப் பின் எத்தனை நாளில் அறிகுறி என்பதற்குப் பெரும்பாலும் பெற்றோரின் ஞாபகமே ஆதாரம். அதை வெளியிட்ட லான்செட் இதழ் 2010 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. பாண்டம்ரிக்ஸ் சந்தேகம் வெடிப்பதற்கு ஆறு மாதம் முன்பு.

இதே பின்லாந்து, தன் பதிவேடுகளை வைத்தே எம்எம்ஆரையும் விசாரித்திருந்தது. 1982 முதல் 1986 வரை ஊசி போட்ட 5,35,544 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து, ஆட்டிசத்துக்கோ மூளை அழற்சிக்கோ தொடர்பு இல்லை என்று 2002-இல் எழுதினார்கள். ஒரே நாடு, அதே மாதிரி எண்ணும் முறை. ஓர் ஊசியை விடுவித்தது, இன்னொன்றைக் கூண்டில் ஏற்றியது. இரண்டில் நமக்குப் பிடித்த முடிவை மட்டும் நம்புவேன் என்று சொல்ல வழியில்லை.

பெய்ஜிங்கிலிருந்து வந்த சிக்கல்

கதை இத்தோடு முடிந்திருந்தால் "ஊசிதான் காரணம்" என்று எழுதிவிட்டுப் போகலாம். 2011-இல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பெய்ஜிங்கில் 1998 முதல் 2010 வரை பார்த்த 906 நார்கோலெப்சி நோயாளிகளின் கணக்கு அது. நோய் தொடங்குவது நவம்பரில் மிகக் குறைவு, ஏப்ரலில் மிக அதிகம், அதாவது குளிர்காலத் தொற்றுகள் முடிந்து சில மாதம் கழித்து. 2009 பன்றிக் காய்ச்சலுக்கு அடுத்து அது மூன்று மடங்கு ஏறியது, பின்னால் இறங்கிவிட்டது. அங்கே பாண்டம்ரிக்ஸ் கிடையாது, நோயாளிகளில் பெரும்பாலோர் எந்தப் பன்றிக் காய்ச்சல் ஊசியும் போட்டவர்களும் அல்ல.

ஆக வைரஸ் தொற்று தானாகவே இதைச் செய்யமுடியும் என்றாகிறது. பின்லாந்துப் பிள்ளைகளுக்கும் ஊசியோடு சேர்ந்து தொற்றும் வந்திருக்குமோ? இதைச் சோதிக்க ஒரு நல்ல உபாயம் இருந்தது. வைரஸ் உடம்புக்குள் பெருகும்போது மட்டுமே உருவாகிற என்எஸ்1 என்ற புரதத்துக்கு ஊசியால் எதிர்ப்பு உருவாகாது, எனவே அதற்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் நிஜமான தொற்று வந்து போயிருக்கிறது என்று பொருள். பார்த்தார்கள். ஊசிக்குப் பிறகு நோய் வந்த பிள்ளைகளில் மிகச் சிலரிடம் மட்டுமே அது இருந்தது. பின்லாந்தில் தொற்று துணைக்காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

துணைப்பொருள்தான் குற்றவாளி என்பதும் நேராகப் பொருந்தவில்லை. கனடாவில் போட்ட அரெபன்ரிக்ஸ் ஊசியிலும் அதே ஏஎஸ்03 இருந்தது, கியூபெக்கில் தயாரானது. அங்கே பின்லாந்து அளவுக்கு எழுச்சி இல்லை.

உடம்புக்குள் நடந்தது

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், ஹைபோக்ரெட்டின் சுரக்கிற நரம்புச் செல்கள் சுமார் 70,000 இருக்கின்றன. விழிப்பைப் பிடித்துவைத்திருப்பது அவைதான். அவை அழிந்தால் நார்கோலெப்சி. 1917-இல் வியன்னாவில் ஃபான் எக்கனோமோ என்ற நரம்பியல் மருத்துவர், தூக்க மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் மூளையைப் பார்த்துவிட்டு, அடங்காத தூக்கத்துக்கு இந்தப் பகுதியின் பாதிப்பைத்தான் காரணமாகக் காட்டினார். நூறாண்டாக நாம் அதே வட்டாரத்தில்தான் சுற்றுகிறோம்.

பின்லாந்தில் மரபணுச் சோதனை செய்த பிள்ளைகள் எல்லாரிடமும் எச்எல்ஏ-டிக்யூபி1*06:02 என்ற மரபணு வகை இருந்தது. வட ஐரோப்பியர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இது உண்டு, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எதுவும் ஆவதில்லை. வெளியிலிருந்து வரும் புரதத் துண்டை எதிர்ப்புச் செல்லுக்குக் காட்டுகிற பிடி இது. சிலரிடம் வைரஸின் துண்டும் தன் ஹைபோக்ரெட்டினின் துண்டும் ஒன்றுபோலத் தெரிந்து, எதிர்ப்புப்படை தன் வீட்டையே தாக்குகிறது என்பது இப்போதைய புரிதல். 2018-இல் நோயாளிகளின் ரத்தத்தில் ஹைபோக்ரெட்டினை அடையாளம் கண்டு வினைபுரிகிற டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் இருப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன் 2013-இல் இதேபோல ஒரு கட்டுரை பரபரப்பாக வந்தது, சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவு வராததால் எழுதியவர்களே அடுத்த வருஷம் திரும்பப் பெற்றார்கள். 2015-இல் இன்னொரு குழு, பாண்டம்ரிக்ஸில் வைரஸின் உள்ளே இருக்கிற நியூக்ளியோபுரதம் வேறொரு ஊசியைவிட அதிகம் என்றும், அதற்கு எதிரான ஆன்டிபாடி, ஹைபோக்ரெட்டின் வந்து ஒட்டுகிற செல் ஏற்பியோடும் ஒட்டுகிறது என்றும் சொன்னது.

தொண்டைக்கு வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியும் இந்த வரிசையில் உண்டு. நார்கோலெப்சி புதிதாக வந்தவர்களிடம் அதற்கு எதிரான ஆன்டிபாடி கூடுதலாக இருப்பதை 2009-லேயே கண்டிருந்தார்கள். அதே கிருமிதான் வாதக்காய்ச்சலோடு வரும் சிடன்ஹாம் கொரியா என்ற கை கால் ஆட்டத்துக்கும் காரணம். அந்தப் பிள்ளைகளிடமும் எரிச்சல், அழுகை, விடாத எண்ணச்சுழல் எல்லாம் வரும். தொற்று, எதிர்ப்புமண்டலம், மூளை, நடத்தை என்ற இந்தச் சங்கிலி புதிதல்ல. பாண்டம்ரிக்ஸ் அதில் ஓர் அபூர்வக் கண்ணி.

பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று

அழிந்த செல்கள் திரும்ப வருவதில்லை. மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், சோடியம் ஆக்ஸிபேட், வென்லாஃபாக்ஸின் போன்ற மருந்துகளால் தூக்கத்தையும் தசைத் தளர்ச்சியையும் ஓரளவு கட்டுக்குள் வைக்கலாம். பள்ளியில் நேரம் ஒதுக்கிச் சிறு தூக்கம் போடவிட்டால் மிச்ச நேரத்தில் படிப்பு ஓடும்.

மனநலப் பக்கத்தை ஸ்வீடனின் ஓர் ஆய்வு நன்றாகக் காட்டியது. ஊசிக்குப் பிறகு நோய் வந்த பிள்ளைகளில் 43 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறும் கூடவே இருந்தது: கவனக்குறைவுக் கோளாறு 29 சதவீதம், கடும் மனச்சோர்வு 20 சதவீதம். கட்டுக்கடங்காத கோபம் 94 சதவீதத்தினரிடம். ஊசிக்குச் சம்பந்தமில்லாமல் நார்கோலெப்சி வந்த பிள்ளைகளிடமும் கோபம் பரவலாகத்தான் இருந்தது. எனவே இதில் பெரும்பங்கு நோயினுடையது என்று படுகிறது, அது எந்த வழியாக வந்தாலும்.

இழப்பீட்டில் நாடுகள் நடந்துகொண்ட விதம் ஒன்றுபோல் இல்லை. பின்லாந்தில் மருந்து நிறுவனங்கள் சேர்ந்து கட்டும் காப்பீட்டு நிதி ஏற்கெனவே இருந்தது. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டாம், மருந்தால் பாதிப்பு என்று தெரிந்தால் போதும். அரசும் பொறுப்பேற்றுக்கொண்டது. பிரிட்டனில் 60 சதவீத ஊனம் என்று காட்டினால்தான் 1,20,000 பவுண்டு. ஏழு வயதில் ஊசி போட்ட ஒரு சிறுவனுக்கு, வருங்காலத்தில் வரப்போகும் கஷ்டத்தை இப்போதே கணக்கில் எடுக்கக்கூடாது என்று அரசு வழக்காடியது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அயர்லாந்தில் 2019 வரை இழுத்து, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் செய்தார்கள். அரசு சொன்னதைக் கேட்டு ஊசி போட்ட குடும்பத்தை நீதிமன்ற வாசலில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஒரு நாட்டின் அடுத்த தடுப்பூசித் திட்டத்துக்கும் அது உதவாது.

எதை மாற்றவேண்டும்

ஊசி போடத் தொடங்கும் முன்பே, அபூர்வமான மூளை நோய்கள் வழக்கமாக ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வருகின்றன என்ற கணக்கு கையில் இருக்கவேண்டும். 2009-இல் பழைய அனுபவத்தில் வந்த நோய்களுக்கே அந்தக் கணக்கைத் தயாரித்தார்கள். இது மாறிவிட்டது: கோவிட் ஊசிகள் வந்தபோது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனியாகக் கண்காணிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் நார்கோலெப்சியும் இருந்தது.

புகார் வரும் பாதையும் மாறவேண்டும். மருத்துவர் நோய்க்குப் பெயர் வைத்தபின்தான் புகார் எழுதுவார் என்றால், பெயர் வைக்க வருஷங்கள் ஆகும் நோயில் எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும். பின்லாந்தில் நோய் திடீரென்று, ஒரே நேரத்தில் பலருக்கு வந்ததால் பிடிபட்டது. மெல்ல வந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ. "ஊசி போட்ட மூன்று மாதத்தில் பிள்ளை வகுப்பில் தூங்குகிறது" என்று பெற்றோரோ பள்ளிச் செவிலியரோ எழுதினாலே கணக்கில் சேரும்படி இருக்கவேண்டும்.

துணைப்பொருள் கலந்த புது ஊசியைப் பிள்ளைகளுக்குப் போடும்போது, கலக்காத ஒன்றையும் கையில் வைத்திருந்தால், சந்தேகம் வந்த அன்றே நிறுத்தாமல் மாற்றிக்கொள்ளலாம். பெருந்தொற்று உச்சத்தில் இருக்கும்போது எந்த அளவு சந்தேகத்துக்கு எதைச் செய்வது என்பதையும் முன்னாலேயே எழுதிவைக்கலாம். அதே எச்சரிக்கை ஆகஸ்டுக்குப் பதில் நவம்பரில் வந்தால், உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

கடைசியாக ஒன்று: நோய் உறுதியான அன்றே பிள்ளையின் மனநிலையையும் ஒருவர் பார்க்கவேண்டும். மேலே சொன்ன ஸ்வீடன் கணக்கு 2015-இல்தான் அச்சில் வந்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளிப் படிப்பின் பெரும்பகுதியைக் கடந்திருந்தார்கள்.